மைலும் மில்லும்: ஒஹாயோவின் டவுன்ஷிப் பள்ளிகள்

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே அரை மணி நேரம் காரோட்டிச் சென்றால், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இரண்டு சாலைகள் குறுக்கிடும் ஒரு மூலையில், செங்கல்லால் கட்டிய ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பக்கத்துக்கு மூன்று உயரமான சன்னல்கள். கூரையின் முகப்பில் மணி தொங்கியதற்கு அடையாளமாக ஒரு வெற்றுக் கூண்டு. வாசலுக்கு மேலே பதித்த கல்லில் டவுன்ஷிப்பின் பெயரும், ‘எண் 5’ என்ற குறிப்பும், 1881 என்ற ஆண்டும். முதன்முறை பார்த்தபோது கைவிடப்பட்ட சிறு தேவாலயம் என்றே நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் கூரை வரை வைக்கோல் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. எதிர்ச்சுவரில் மட்டும் கறுப்புப் பூச்சு பூசிய நீண்ட சதுரம் ஒன்று வைக்கோலுக்கு மேலே தலைகாட்டியது. அது பள்ளிக்கூடம் என்பதைச் சொன்னது அந்தக் கரும்பலகைதான்.

எண் 5 என்று ஒன்று இருந்தால் எண் 1 முதல் 4 வரை எங்கே போயின, 5க்குப் பிறகு எத்தனை இருந்தன என்ற கேள்வி பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. கவுன்ட்டி (பல டவுன்ஷிப்புகள் அடங்கிய மாவட்டம்) நூலகத்தில் 1870களில் அச்சான நிலப்பட நூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பண்ணைக்கும் உடைமையாளர் பெயரையும், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சிறு புள்ளியையும் அவற்றில் குறித்திருக்கிறார்கள். புள்ளிகளை எண்ணத் தொடங்கியவன் சட்டங்களைப் படிக்கப் போனேன். இந்தப் பள்ளிகளைத் தோற்றுவித்ததும், பெருக்கியதும், பின்பு மூடியதும் கல்வி பற்றிய உயர்ந்த கொள்கைகள் என்று நம்பித்தான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் ஒரு குழந்தை நடக்கக்கூடிய தூரமும், ஒரு குடியானவர் முணுமுணுக்காமல் கட்டக்கூடிய வரியுமே பெரும்பாலான முடிவுகளை எடுத்திருக்கின்றன என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

டவுன்ஷிப் என்றதும் நம்மவர்களுக்கு நெய்வேலியும் கல்பாக்கமும் நினைவுக்கு வரும். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு என்ற பொருளிலேயே அந்தச் சொல்லைப் பழகியிருக்கிறோம். இங்கே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அது நில அளவையாளர்கள் சங்கிலி பிடித்து வரைந்த ஒரு சதுரம். பக்கத்துக்கு ஆறு மைல். அதற்குள் 36 சதுர மைல்கள். ஒவ்வொரு சதுர மைலும் 640 ஏக்கர் கொண்ட ஒரு செக்‌ஷன். அமெரிக்காவின் அரசியலமைப்புச் சட்டமே எழுதப்படாத காலத்தில், 1785 மே 20 அன்று, போர்க் கடனைத் தீர்க்க வழியின்றித் தவித்த காங்கிரஸ் என்னும் நாட்டுச் சட்டமன்றம், மேற்கிலுள்ள நிலத்தை அளந்து விற்பதற்காக ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, இன்று ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஊர் இருக்கும் இடத்துக்கு அருகே, தாமஸ் ஹட்சின்ஸ் என்பவரின் தலைமையில் அளவை தொடங்கியது. கையில் 66 அடிச் சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல். விற்பனைக்கான அந்தச் சட்டத்தின் நடுவே, ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் எண்ணுள்ள செக்‌ஷன் அந்த டவுன்ஷிப்பின் பொதுப் பள்ளிகளைப் பேணுவதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது.

ஏன் பதினாறு என்பதற்கு விடை எண்ணும் முறையில் இருக்கிறது. 1796ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறையில், வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கி, மேற்கே ஆறு வரை சென்று, அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, உழவர் ஏர் திருப்புவதைப் போலவே எண்கள் வளைந்து வளைந்து வருகின்றன. அப்படி எண்ணினால் பதினாறு நடுவிலுள்ள நான்கு செக்‌ஷன்களில் ஒன்றாக அமைகிறது. அதற்கு முந்தைய எண்முறையிலும் அது நடுநான்கில் ஒன்றே. இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை டவுன்ஷிப்பின் நடுவில் கட்டத் திட்டமிட்டார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டடத்துக்கு அரை ஏக்கர் போதும். மீதி 639½ ஏக்கரையும் குத்தகைக்கு விட்டு அந்த வருமானத்தில் பள்ளியை நடத்த வேண்டும் என்பதே எண்ணம். கோயிலுக்கு மானியம் எழுதிவைப்பதைப் போன்ற ஏற்பாடு அது. நம் கோயில் நிலங்களுக்கு நேர்ந்தது என்ன என்று அறிந்தவர்களுக்கு, இங்கே அடுத்து நடந்தது வியப்பாக இராது.

அதைச் சொல்வதற்கு முன், அந்தச் சதுரங்கள் யாருமற்ற வெளியில் வரையப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷானி, டெலவேர், மயாமி ஆகிய பழங்குடிகள் வாழ்ந்த, வேட்டையாடிய, சோளம் பயிரிட்ட நிலம் அது. 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் அவர்கள் போரில் தோற்று, 1795இல் கிரீன்வில் உடன்படிக்கையில் தென் ஒஹாயோவின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்த பிறகே சங்கிலிக்காரர்கள் அச்சமின்றி மேற்கே நகர முடிந்தது. பள்ளிக்கென ஒதுக்கிய பதினாறாம் செக்‌ஷனும் அப்படி வந்த நிலந்தான்.

1803இல் ஒஹாயோ தனி மாநிலமானபோது பள்ளி நிலங்களின் பொறுப்பு மாநிலச் சட்டமன்றத்திடம் வந்தது. மாநிலத்தின் எல்லாப் பகுதியும் ஒரே முறையில் அளக்கப்பட்டதல்ல என்பது முதல் சிக்கல்: வடகிழக்கே கனெக்டிகட் மாநிலத்தாருக்கு ஒதுக்கிய பகுதியில் டவுன்ஷிப்புகள் ஐந்து மைல் சதுரங்கள்; வர்ஜீனியாவின் போர்வீரர்களுக்கு விட்ட பகுதியிலோ சதுரமே கிடையாது, அவரவர் பிடித்த வரப்பே எல்லை. இப்பகுதிகளுக்கு வேறு எங்கோ நிலம் ஈடாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் நிலம் இருந்த இடத்திலும் பள்ளி வரவில்லை. வாங்குவதற்கே நல்ல நிலம் மலிவாகக் கிடைத்த காலத்தில், காட்டை வெட்டித் திருத்தி அதற்குக் குத்தகையும் கட்ட யார் வருவார்? வந்தவர்கள் மரத்தை வெட்டி விற்றுவிட்டு, மண்ணை உறிஞ்சிவிட்டு நகர்ந்தார்கள். அதைவிடக் கசப்பானது ஒன்றை, 1822இல் அமைத்த பள்ளிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கேலப் அட்வாட்டர் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்: சட்டமன்ற உறுப்பினர்கள் தங்களுக்கும் உறவினர்களுக்கும் தம் கட்சிக்காரர்களுக்கும் குத்தகை கிடைக்கும்படி சட்டங்களையே இயற்றிக்கொண்டார்களாம், ஒரு செனட்டர் மட்டும் ஏழு முழு செக்‌ஷன்களைத் தன் வசமோ தன் பிள்ளைகள் வசமோ ஆக்கிக்கொண்டாராம். ஏழு செக்‌ஷன் என்றால் 4,480 ஏக்கர், ஏழு டவுன்ஷிப் குழந்தைகளின் பங்கு.

1826இல் அந்த நிலங்களை விற்க காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. விற்ற பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போய், அரசின் செலவுகளில் கரைந்தது. அதற்கு ஈடாக அந்தந்த டவுன்ஷிப்புக்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி தருவதாக மாநிலம் எழுதிக்கொடுத்தது. அசலை யாரும் திருப்பிக் கேட்க முடியாத இந்தக் கடனுக்கு அரசுக் கணக்கில் ‘குறைக்கவியலாக் கடன்’ என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்பது தெரியவில்லை.

ஆகவே பள்ளிகளை உண்மையில் கட்டியெழுப்பியது நிலமானியம் அன்று, வரி. 1825 பிப்ரவரி முதல் வாரத்தில், அடுத்தடுத்த நாட்களில், ஒஹாயோ சட்டமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது: ஒன்று கால்வாய் வெட்டுவதற்கு, மற்றொன்று பள்ளிகளுக்கு. கால்வாய் வேண்டியவர்களும் பள்ளி வேண்டியவர்களும் ஒருவருக்கொருவர் வாக்களித்துக்கொண்டதன் விளைவு அது. நேதன் கில்ஃபோர்ட் என்ற சின்சினாட்டிக்காரர் முன்னின்று கொண்டுவந்த பள்ளிச் சட்டம், சொத்து மதிப்பின் மீது அரை மில் வரி விதித்தது. மில் என்பது ஒரு டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் டாலர் மதிப்புள்ள பண்ணைக்கு ஆண்டுக்கு ஐம்பது சென்ட். இதற்கே, பிள்ளை இல்லாதவன் மற்றவன் பிள்ளைக்கு ஏன் கட்ட வேண்டும் என்று கூச்சல் எழுந்தது. கூடவே, டவுன்ஷிப் நிர்வாகிகள் தங்கள் பகுதியைப் பள்ளி வட்டங்களாகப் பிரிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. எண் 5 போன்ற எண்கள் பிறந்தது இப்படித்தான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த வரி பள்ளி கொடுக்கவில்லை. 1829ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. அவர்களுடைய பெற்றோரின் சொத்துக்குப் பள்ளி வரி விதிக்காமல் விட்டதை நியாயமாகக் காட்டிக்கொண்டது. 1840களின் இறுதியில் தனிப் பள்ளிகளுக்கு வழி பிறந்தது. தனிப் பள்ளி முறை சட்டத்திலிருந்து நீங்க 1887 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தானே பாதிரியாரும் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினருமான பெஞ்சமின் ஆர்னெட்டின் முயற்சியால் நடந்தது அது. கல் பதித்த அந்தச் செங்கல் கட்டடம் எழுந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு டவுன்ஷிப்பில் எத்தனை பள்ளி வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால் உடனே விளங்கும். ஆறு மைல் சதுரத்தை இரண்டு மைல் சதுரங்களாக வெட்டினால் ஒன்பது கிடைக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பள்ளி வைத்தால், மிகத் தொலைவான மூலையில் வாழும் குழந்தைகூடச் சாலை வழியே ஒரு மைல் கிழக்கு, ஒரு மைல் வடக்கு என்று இரண்டு மைல் நடந்தால் போதும். டவுன்ஷிப் முழுமைக்கும் நடுவில் ஒரே பள்ளி என்றால் அதே குழந்தை ஆறு மைல் நடக்க வேண்டும். சனவரி மாதப் பனியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இயலாது. நூலகத்து நிலப்படத்தில் நான் எண்ணியபோது எங்கள் பக்கத்து டவுன்ஷிப்பில் ஒன்பது புள்ளிகள் இருந்தன. ஆறும் சதுப்பும் குறுக்கே வந்ததால் சில புள்ளிகள் இங்குமங்கும் தள்ளிப்போயிருந்தனவே தவிர, கணக்கு ஒத்துவந்தது. சில டவுன்ஷிப்புகளில் ஏழு, சிலவற்றில் பன்னிரண்டு. ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று இயக்குநர்களை அக்கம்பக்கத்தாரே தேர்ந்தெடுத்தார்கள். 1853ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவர்களுக்கு மேலே டவுன்ஷிப் கல்விக் குழு ஒன்றும் வந்தது. முப்பது நாற்பது குடும்பங்களுக்கு மூன்று இயக்குநர்கள் என்றால், ஆசிரியரை வைப்பது, நீக்குவது, விறகு யாரிடம் வாங்குவது, எந்தக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் வேலிக்கு மேலே பேசித் தீர்க்கிற விஷயங்களாகிவிடும். பேசித் தீராமல் பகையானவையும் நிறைய உண்டு.

முதல் தலைமுறைப் பள்ளிகள் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய குடிசைகள். நூற்றாண்டின் நடுவில் பலகைக் கட்டடங்கள். 1870, 80களில் செங்கல். உள்ளமைப்பில் பெரிய மாற்றமில்லை. நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. அதன் அருகே அமர்ந்தவர் வியர்த்தார், சன்னலோரம் அமர்ந்தவர் நடுங்கினார். முன்வரிசையில் ஒரு நீண்ட விசுப்பலகை. வகுப்பின் பெயரைச் சொல்லி ஆசிரியர் அழைத்ததும் அந்த வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வந்து அதில் அமர்ந்து ஒப்பிப்பார்கள், பத்து நிமிடத்தில் எழுந்து அடுத்த வகுப்புக்கு இடம் விடுவார்கள். எட்டு வகுப்பு, ஏழெட்டுப் பாடம், ஒரே ஆசிரியர். குளிர்காலப் பருவத்தில், அறுவடை முடிந்து, மீசை அரும்பிய பண்ணைப் பையன்களும் வருவார்கள் என்பதால் ஆண் ஆசிரியரை வைப்பதும், சின்னஞ்சிறு பிள்ளைகள் மட்டும் வரும் கோடைப் பருவத்துக்குக் குறைந்த சம்பளத்தில் ஒரு பெண்ணை அமர்த்துவதும் நெடுநாள் வழக்கம். ஆசிரியர் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துத் தங்கி உண்பதும் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டது. நம் திண்ணைப் பள்ளி அண்ணாவிகளுக்கு நெல்லும் காய்கறியும் வந்ததைப் போல. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் பெரிய மாணவர்கள் விடியுமுன் வந்து உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஆசிரியர் ஆப்பிளோ மிட்டாயோ வாங்கித் தருவதாக ஒப்புக்கொள்ளும் வரை அவரை வெளியே பனியில் நிறுத்துவதும் ஒரு சடங்கைப் போலவே நடந்திருக்கிறது. சில ஆசிரியர்கள் கூரையேறிப் புகைபோக்கியை அடைத்து வெற்றி கண்டார்கள்.

அந்த மூலைக் கட்டடத்துக்கு எதிர்ப்பண்ணையில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்றாம் முறை நான் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, என்ன வேண்டும் என்று கேட்க வந்தவர், விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்தார். அவர் வேறொரு டவுன்ஷிப்பில் பிறந்தவர். அங்கே கடைசியாக மூடிய ஒற்றையறைப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளை 1940களில் படித்தவர். படித்த பாடம் எதையும் அவர் சொல்லவில்லை. உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னார். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிழங்கில் ஆணியால் தன் முதலெழுத்தைக் கீறி, அடுப்பின் சாம்பலில் புதைத்துவிடுமாம். பதினொரு மணிக்கு மேல் அந்த மணம் அறையை நிறைத்த பிறகு எந்தக் கணக்கும் தலையில் ஏறாதாம். “எழுத்தறிவு எதற்கு என்று எங்களுக்கு அப்போதே புரிந்தது, சாம்பலில் கிடப்பது யாருடைய கிழங்கு என்று படிக்கத் தெரிய வேண்டுமே” என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

பாடநூல் என்றால் பெரும்பாலும் மக்கஃபி வாசிப்பு நூல்கள். ஒஹாயோவின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரிலிருந்த மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹோம்ஸ் மக்கஃபி தொகுத்து, 1836 முதல் சின்சினாட்டியில் அச்சான அந்த நூல்கள் பல தலைமுறைகளுக்கு ஓடின. எட்டாம் வகுப்பு முடித்த பண்ணைப் பிள்ளைக்கு அதற்கு மேல் வழியில்லாமல் இருந்தது. உயர்நிலைப் பள்ளி நகரத்தில் இருந்தது, அங்கே சேரக் கட்டணம் வேண்டும். 1892இல் வந்த பாக்ஸ்வெல் சட்டம் இந்தக் கதவைச் சற்றே திறந்தது. எட்டாம் வகுப்பு முடிவில் கவுன்ட்டி அளவில் ஒரு தேர்வு. தேறியவர் அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் சேரத் தகுதி பெறுவார். அந்தக் கட்டணத்தை அவருடைய டவுன்ஷிப் கட்டலாம். இந்தத் தேர்வில் தேறியவர்களுக்கு டவுன்ஷிப்தோறும் பட்டமளிப்பு விழாவே நடத்தியிருக்கிறார்கள். முப்பத்தாறு சதுர மைலுக்குள் ஓராண்டில் மூவரோ நால்வரோ தேறினால், ஊர் திரண்டு வராமல் என்ன செய்யும்?

அதே 1892இல், மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஏரிக்கரையோரம் ஆஷ்டபூலா கவுன்ட்டியிலுள்ள கிங்ஸ்வில் டவுன்ஷிப்பில், ஒரு பள்ளி வட்டம் புதுக் கட்டடம் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. கட்டுவதற்குப் பதிலாக அந்த வட்டத்துப் பிள்ளைகளைக் குதிரை வண்டியில் ஏற்றி நடுக்கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினால் செலவு குறையும் என்று யாரோ கணக்குப் போட்டார்கள். பள்ளி வரியை வண்டிக்குச் செலவிட அப்போது சட்டத்தில் இடமில்லை. 1894இல் சட்டமன்றம் அதற்கு ஒரு வழி செய்தது. நான் படித்த சட்டங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 1,710 பேருக்குக் குறையாமலும் 1,715 பேருக்கு மிகாமலும் உள்ள டவுன்ஷிப்புகள் எதுவாயினும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பள்ளி வரியைச் செலவிடலாம் என்று அது சொல்கிறது. கவுன்ட்டியின் மக்கள்தொகைக்கும் இதே போல் ஒரு குறுகிய வரம்பு. ஊர்ப் பெயரைச் சொல்லாமலே ஊரைச் சுட்டிக்காட்டும் சட்டம். மற்ற டவுன்ஷிப்புகள் விழித்துக்கொண்டு தங்களுக்கும் கேட்டன; சில ஆண்டுகளில் அனுமதி மற்ற கவுன்ட்டிகளுக்கும் விரிந்தது.

வண்டி வந்ததும் பழைய வடிவக் கணக்கு மாறிப்போயிற்று. இரண்டு மைல் சதுரத்தின் அவசியமே நடக்கும் கால்களால் வந்தது. குதிரை இழுத்தால் ஆறு மைலும் எட்டும். வண்டியோட்டும் வேலையைக் குறைந்த தொகை கேட்ட பண்ணைக்காரருக்கு ஏலத்தில் விட்டார்கள். பக்கங்களில் கித்தான் திரை, உள்ளே இருபுறமும் நீள இருக்கை, காலடியில் சூடேற்றிய கல் அல்லது வைக்கோல். இண்டியானா மாநிலத்து ரிச்மண்டிலிருந்த வெய்ன் வொர்க்ஸ் என்ற நிறுவனம் இதற்கென்றே வண்டிகள் செய்து விற்றது. மண்சாலைகள் சேறாகும் மார்ச் மாதத்தில் வண்டி அச்சு வரை புதைந்தது என்பதையும் எதிர்ப்பாளர்கள் மறக்காமல் எழுதிவைத்தார்கள். எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. பள்ளியை இழந்த மூலையில் நிலத்தின் விலை குறையும், வரி கூடும், தங்கள் கண் பார்வையில் இருந்த ஆசிரியர் கைமீறிப் போவார் என்று குடியானவர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சங்களைப் பிற்போக்கு என்று ஒதுக்கிய கல்வியாளர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருகிறது. மூன்றாவது அச்சம் அப்படியே பலித்தது.

ஆனால் சிறு பள்ளிகளை ஒன்றாக்கும் இந்த ஒருங்கிணைப்பை விரும்பியவர்கள் எல்லாரும் நகரத்து மேசைகளிலிருந்து பேசியவர்கள் அல்லர். ஆல்பர்ட் பெல்மான்ட் கிரஹாம் ஒஹாயோவின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, ஒற்றையறைப் பள்ளிகளில் பாடம் நடத்தி, 1900இல் கிளார்க் கவுன்ட்டியின் ஸ்பிரிங்ஃபீல்ட் டவுன்ஷிப் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக வந்தவர். பண்ணைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடத்துக்கும் அவர்கள் காலடியிலுள்ள மண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. 1902 சனவரி 15 அன்று, ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலுள்ள கவுன்ட்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், சிறுவர் சிறுமியரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். லிட்மஸ் தாளை வைத்துத் தம் வயலின் மண் புளித்திருக்கிறதா என்று சோதித்தார்கள். நல்விதைச் சோளத்தைச் சிறு பாத்திகளில் நட்டு விளைச்சலைக் கணக்கெழுதினார்கள். காய்கறித் தோட்டமும் பூச்செடியும் போட்டார்கள். நான்கு இலைக் க்ளோவரைச் சின்னமாகக் கொண்டு இன்று நாடெங்கும் இயங்கும் ‘ஃபோர் எச்’ இயக்கம் தன் தொடக்கங்களில் ஒன்றாக அந்த அடித்தளக் கூட்டத்தையே குறிப்பிடுகிறது. 1905இல் மாநிலப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் வேளாண் விரிவாக்க மேற்பார்வையாளராக அழைத்துக்கொண்டது. அங்கிருந்தபடி ஒருங்கிணைந்த டவுன்ஷிப் பள்ளிகளைப் பற்றிப் புள்ளிவிவரங்களும் வண்டிகளின் படங்களுமாக அவர் தொகுத்த அறிக்கையில்தான் கிங்ஸ்வில்லின் அந்த விசித்திரச் சட்டத்தை நான் முதலில் பார்த்தேன்.

1914இல் ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸ் காலத்தில் வந்த ஊரகப் பள்ளிச் சட்டத்தொகுப்பு, கவுன்ட்டிதோறும் ஒரு மேற்பார்வையாளரை அமர்த்தி, வட்டங்களை இணைக்கும் அதிகாரத்தையும் கவுன்ட்டிக்குக் கொடுத்தது. அதன்பின் வேகம் கூடியது. நாடு முழுவதும் இதே கதைதான்: 1929–30 கல்வியாண்டில் ஏறத்தாழ 1,49,000 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன; 1949–50இல் 59,652; 1969–70இல் 1,815. குதிரை வண்டி மோட்டார் வண்டியானது. 1939 ஏப்ரலில் ஃபிராங்க் சைர் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான அளவுகளோடு நிறத்தையும் முடிவு செய்தார்கள். அந்த மஞ்சள் நிறத்தை இன்று உலகமே அறியும். சைரும் நெப்ராஸ்காவின் ஊர்ப்புறத்திலிருந்து வந்தவர்தான்.

ஒன்பது புள்ளிகளுக்குப் பதிலாக டவுன்ஷிப்பின் நடுவில் எழுந்த இரண்டு மாடிச் செங்கல் பள்ளிகளுக்கும் ஆயுள் நீளவில்லை. உடற்பயிற்சிக் கூடமும், கூடைப்பந்து அணியும், ஆண்டுக்குப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பதினைந்து இருபது மாணவர்களுமாக அவை நாற்பது ஆண்டுகள் இருந்தன. ஒற்றையறைப் பள்ளியை இழந்ததைவிட இந்த உயர்நிலைப் பள்ளியை இழந்ததைத்தான் இங்குள்ள முதியவர்கள் அதிகம் நொந்து பேசுகிறார்கள். அணியின் பெயர் போயிற்று, நிறங்கள் போயின, பக்கத்து டவுன்ஷிப்பின் பரம எதிரிகளோடு ஒரே சட்டை அணிய வேண்டியதாயிற்று. 1950, 60களில் மூன்று நான்கு டவுன்ஷிப்புகளைச் சேர்த்து அமைத்த பள்ளி மாவட்டங்களுக்கு யாரும் கோபிக்காதபடி திசைகளின் பெயரையோ ‘யூனியன்’ என்ற பொதுச்சொல்லையோ வைத்துவிட்டு, கடைசியில் ‘லோக்கல்’ என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எண் 5இல் வைக்கோல் இருப்பதற்கும் பெரியவர்தான் விளக்கம் சொன்னார். அரை ஏக்கரைப் பள்ளிக்குக் கொடுத்த பண்ணைக்காரர்கள் பலர், பள்ளி நடக்காமல் போனால் நிலம் பண்ணைக்கே திரும்ப வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். அப்படித் திரும்பியவை வைக்கோல் போடவும் டிராக்டர் நிறுத்தவும் பயன்பட்டன, ஏலம்போனவை வீடுகளாயின. ஹோம்ஸ் கவுன்ட்டிப் பக்கம் போனால் ஒற்றையறைப் பள்ளிகள் இன்னும் புதிதாகவே கட்டப்படுகின்றன. நவீன வசதிகளைப் பெரிதும் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகத்தினரான, எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்தும் ஆமிஷ் மக்களுடையவை அவை. பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததற்காக விஸ்கான்சினில் ஆளுக்கு ஐந்து டாலர் தண்டம் விதிக்கப்பட்ட மூன்று தந்தையரின் வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆமிஷ் பிள்ளைகள் நடந்தே வருகிறார்கள் என்பதால் பள்ளிகளும் அந்தப் பழைய இடைவெளியிலேயே நிற்கின்றன.

மைல் இப்படியென்றால், மில் இன்னும் தீராத வழக்கு. மாநிலம் முழுவதும் ‘முழுமையும் திறனும் கொண்ட’ பொதுப் பள்ளி அமைப்பை நடத்த வேண்டும் என்று ஒஹாயோவின் 1851ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்கிறது. சொத்து வரியையே பெரிதும் நம்பி நடத்தினால் ஆலையும் அங்காடியும் இல்லாத ஊர்ப்புறத்துக்கு அது எப்படி வாய்க்கும் என்று, பெர்ரி கவுன்ட்டியின் ஊரகப் பள்ளி மாவட்டம் ஒன்றிலிருந்து 1991இல் வழக்குத் தொடுத்தார்கள். டீரோல்ஃப் வழக்கு என்று அறியப்பட்ட அதில், 1997 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பிறகும் அதே கருத்தை மீண்டும் சொன்னது. முறை முற்றாக மாறவில்லை. பணவீக்கத்தால் வீட்டின் மதிப்பு உயர்ந்தாலும் பள்ளிக்குக் கிடைக்கும் வரி அதற்கேற்ப உயராதபடி 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்துவைத்திருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாவட்டங்கள் வாக்காளர்களிடம் வந்து, இன்னும் இத்தனை மில் தாருங்கள் என்று கேட்கின்றன.

குடியுரிமை பெற்ற பின் நான் போட்ட முதல் வாக்குகளில் ஒன்று அப்படிப்பட்டது. வாக்குச்சீட்டில் ‘மில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் 1825ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்து ஒரு நொடி பேனா நின்றது. ஆதரித்தே வாக்களித்தேன், தீர்மானம் தோற்றது. அடுத்த மாதம் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், செலவைக் குறைப்பதற்காக வரும் ஆண்டு முதல் பேருந்து சேவை மாநிலச் சட்டம் கோரும் குறைந்தபட்ச அளவோடு நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால் மட்டுமே வண்டி விட வேண்டும் என்பது அந்த அளவு. எங்கள் வீட்டுக்கும் மகளின் பள்ளிக்கும் 1.8 மைல்.